கிளிமூக்குச் சேவலுக்குக் கிள்ளானில் பெண் பார்த்த கதை

பிரிக்ஃபீல்ட்ஸில் என் சகலை மணியம் வீட்டு மாடியில் நின்றுகொண்டு, வந்து இறங்கிய முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஊருக்கு ஃபோன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு, கோழிகளைப் பார்த்துக்கொள்ள விட்டு வந்த சிவராசு எடுத்தான். குரலே சரியில்லை.

"என்னாச்சுங்ணா? ஏதாச்சும் ஆபத்துங்களா?"

"ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்லப்பா. பெட்டை அடையில படுத்திருக்குதான்னு கேக்கத்தான்."

"மணி மூணரைங்ணா. அது படுத்திருக்குதுங். நானுந்தான் படுத்திருந்தேனுங்" என்றான்.

இங்கே ஆறு என்றால் அங்கே மூன்றரை. விமானத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவன் மூளையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அந்த ஐந்து நாளும் அது திரும்பவே இல்லை.

நான் தாராபுரத்துக்குப் பக்கத்தில் கிளிமூக்குக் கோழி வளர்ப்பவன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிளிக்கு இருப்பதுபோல வளைந்த மூக்கு, நிமிர்ந்த கழுத்து, தரையைத் தொடுகிற வால். சண்டைக்கு இல்லை, அழகுக்கு வளர்ப்பது. என் அப்பா ஆரம்பித்த வம்சத்தை நாற்பது வருடமாக வெளி ரத்தம் கலக்காமல் காப்பாற்றி வந்தோம். அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. அண்ணன் தங்கையையே சேர்த்துச் சேர்த்து, பொரிக்கிற முட்டை குறைந்துபோனது. தப்பிப் பிழைத்துப் பொரிக்கிற குஞ்சுக்கும் கால் விரல் கோணல்.

மிச்சம் இருப்பது ஒரு கிழட்டுச் சேவலும் மூன்று பெட்டைகளும். நான் கிளம்பும்போது அதில் ஒன்று பதினொரு முட்டை மேல் படுத்திருந்தது. என் பயணத்தின் ஐந்தாம் நாள் அதற்கு இருபத்தொன்றாம் நாள். அது பொரிக்காவிட்டால், சேவல் கண்ணை மூடுவதற்குள் வேறு ரத்தத்தில் பெட்டை கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வம்சம் அத்தோடு சரி.

அந்த நேரத்தில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு கிளிமூக்குப் பெட்டை ஏழெட்டுக் குஞ்சுகளோடு நடந்து போகிறது. பின்னால் ஒரு பெண் குரல், "ஐயோ, லோரி வருது லா!" என்கிறது. லோரியும் லாவும் சேர்ந்து வந்தால் மலேசியாதான் என்று குழுவில் தீர்ப்பாகிவிட்டது. வீடியோ யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று துருவிக்கொண்டே போனதில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வரை வந்து நின்றேன். அதே பிரிக்ஃபீல்ட்ஸில் என் மைத்துனி மகளுக்குக் கல்யாணம். என் மனைவி மல்லிகா கல்யாணத்துக்குக் கிளம்பினாள். நான் கோழிக்குக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். பெட்டிக்குள் முட்டையோ குஞ்சோ ஒளித்து எடுத்து வரக் கூடாது, பிடித்தால் அங்கேயே அழித்துவிடுவார்கள். வேறு ரத்தம்தானா என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு வா, அப்புறம் அனுமதிக்கு எழுதிப் போடலாம் என்றார். கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்துச் சிவராசுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனும் கோழி வைத்திருப்பவன்தான். எல்லாம் கலப்படம்.

முதல் நாள் மணியம் என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போனார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோழி என்றால் குழம்பு என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. சர்க்கரை கம்மியாக ஒரு டீ என்றேன். பரிமாறுகிறவர் உள்ளே பார்த்து, "தே தாரிக் குராங் மானிஸ் சத்து!" என்று ஒரு கத்துக் கத்தினார். என்னைத்தான் ஏதோ திட்டுகிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். மணியம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். வந்த டீயில் கால் பங்கு நுரை. குடித்துப் பார்த்தால் அருமையாக இருந்தது. ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது, நம் பரோட்டாவுக்குத் தம்பி முறை. அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன் குழம்பும் ஒரே தட்டில். மீனைப் பருப்பு மேல் ஊற்றலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மணியம் இரண்டாவது ரொட்டியை முடித்திருந்தார்.

கடைக்காரரிடம் கோழியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"நாட்டுக் கோழியா? இங்க கம்பத்துக் கோழின்னு கேக்கணும் அங்கிள். மத்தியானம் வாங்க, பெரட்டல் இருக்கும்."

எனக்குத் தெரிந்த கம்பம் தேனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்தா கோழி இவ்வளவு தூரம் வருகிறது என்று ஆச்சரியப்பட்டேன். இங்கே கிராமத்துக்குத்தான் கம்பம் என்று பெயராம். வீடியோவைக் காட்டினேன்.

"இதுவா! இது ஸ்டெல்லா கோழி லா. ஸ்டெல்லா என் வைஃபுக்குச் சொந்தக்காரங்க. அவங்க கிள்ளான்."

"கோழியும் கிள்ளான்லதானா?"

"கோழி பந்திங்ல. அவங்க வேலை போர்ட் கிள்ளான்ல. முந்தி ஷா ஆலம்ல இருந்தாங்க."

ஒரு பெட்டைக் கோழிக்கு நான்கு ஊர். ஸ்டெல்லாவின் ஃபோன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் நாள் முகூர்த்தம். மாலை வாங்கப் போன இடத்தில், தாலி கட்டிய கையோடு பந்தியில், கை கழுவும் இடத்தில் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் கிளிமூக்கைப் பற்றி விசாரித்தேன். விசாரித்த ஆறு பேரும் ஆறு சாப்பாட்டுக் கடைகளைச் சொன்னார்கள். ஒருவர் கடை வாசல் வரை கூட்டிப் போய்க் காட்டவும் தயாராக இருந்தார். மல்லிகா என்னைத் தூணோரம் இழுத்து, "இன்னொருத்தர்கிட்டக் கோழின்னு கேட்டீங்க, நான் அடுத்த ஃப்ளைட்ல ஊருக்குப் போயிருவேன்" என்றாள். அன்று சிவராசுவை ஒழுங்கான நேரத்தில் கூப்பிட்டேன். படுத்திருக்குதுங்ணா என்றான்.

மூன்றாம் நாள் முழுவதும் ஸ்டெல்லாவை ஃபோனில் பிடிப்பதிலேயே போனது. இந்திய எண்ணைப் பார்த்ததும் துண்டித்தார். மணியத்தின் எண்ணிலிருந்து கூப்பிட்டு, "கோழி விஷயமாப் பேசணும்" என்றேன். "எங்களுக்குக் கோழி வேணாம்" என்று மறுபடியும் துண்டித்தார். கடைசியில் சாப்பாட்டுக் கடைக்காரரின் மனைவி பேசி, இவர் பைத்தியம் மாதிரித் தெரிந்தாலும் மோசடி ஆள் இல்லை என்று சாட்சி சொன்ன பிறகுதான் அடுத்த நாள் மதிய இடைவேளையில் வரச் சொன்னார்.

நான்காம் நாள் மணியத்துக்குக் கல்யாண வேலையின் அசதி. தனியாகவே கிளம்பினேன். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. ஈரோடு ஜங்ஷனில் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேருகிறவன் நான். இங்கே கண்ணைத் திறந்துகொண்டே துணிக்கடைக்கு இரண்டு முறை போய் நின்றேன். ஒருவழியாகக் கிள்ளான் பக்கம் போகிற ரயிலைப் பிடித்து உட்கார்ந்தேன். பெட்டி சுத்தமாக, குளுகுளுவென்று, கூட்டமில்லாமல் இருந்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எதிரில் இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அங்கிள், இது லேடிஸ் கோச். ஸ்டிக்கர் பாக்கலியா?"

சுற்றிலும் பார்த்தேன். எல்லாமே ரோஸ் நிறம். பெட்டியில் நான் ஒருவன்தான் ஆண். அடுத்த பெட்டிக்கு ஓடினேன், அங்கே நிற்கத்தான் இடம் கிடைத்தது.

கிள்ளானில் இறங்கி ஸ்டேஷன் வெளியே அரை மணி நேரம் காத்திருந்தேன். ஸ்டெல்லாவும் ஸ்டேஷன் வெளியேதான் அரை மணி நேரம் காத்திருந்தாராம், போர்ட் கிள்ளானில். இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன், நடுவில் இன்னும் சில ஸ்டேஷன்கள் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது எல்லோரும் சொல்லி நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடியும் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். கடல் காற்றும் டீசல் வாடையுமாக இருந்தது. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

ஸ்டெல்லாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் அடையாள அட்டையும். கப்பல் சரக்குகளுக்குப் பேப்பர் தயார் செய்கிற அலுவலகத்தில் வேலை. இடைவேளையில் மிச்சமிருந்தது பத்து நிமிடம்தான். நின்றுகொண்டே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"சண்டைக்கா அண்ணே?"

"இல்லீங்க."

"கறிக்கா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்புறம் எதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"வம்சத்துக்குங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாளைக்கு லீவு, பந்திங்குக்கு வாருங்கள், இந்தியாவுக்கு அனுப்புகிற பேப்பர் விஷயத்தையும் ஆபீசில் கேட்டு வைக்கிறேன் என்றார். முன்பின் தெரியாத ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று திரும்பி வருகிற வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் கோழி உலகத்தில் யாரும் எதையும் சும்மா செய்வதில்லை.

ஐந்தாம் நாள் மணியத்தின் காரில் பந்திங் போனோம். இரண்டு பக்கமும் செம்பனை. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பில் வெயில் தரைக்கு வரும், இங்கே பட்டப்பகலில் மரத்தடி இருட்டு. ஸ்டெல்லாவின் அப்பா கட்டிய தகரக் கூரை வீடு, பின்னால் ஒரு வாய்க்கால், வேலி என்று எதுவும் கிடையாது. அங்கே மேய்ந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

மூக்கு கிளிமூக்கேதான். ஆனால் கால் கனமாக, மார்பு அகலமாக, இந்த ஊர்ச் சண்டைக்கோழி எப்போதோ கலந்த உடம்பு. ஒவ்வொன்றாகப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கோணல் இல்லை. எங்கிருந்து வந்த கோழி என்று கேட்டேன். "அப்பா ஒரு தடவை கப்பல்காரர் கொடுத்தார்னுவார். ஒரு தடவை எஸ்டேட்ல கணக்கெழுதுற கிராணி கொடுத்தார்னுவார். மூட் நல்லா இருந்தா, பாசார்ல வாங்கினேன்னுவார்" என்றார் ஸ்டெல்லா.

"இதுல உங்க கோழி எதுங்க?"

"எல்லாம்தான். அந்த ரெண்டு மட்டும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சியோடது. கொடுத்தது நான்தான்."

"பெட்டையவா கொடுத்தீங்க?"

"பெட்டைதான் கொடுப்போம். யார் கேட்டாலும். ஏன்?"

எங்கள் வீட்டில் சேவலை விற்போம். பெட்டை வாசலைத் தாண்டாது. பெட்டை போனால் வம்சம் போச்சு என்பது அப்பா காலத்துச் சட்டம். அதைச் சொன்னேன். ஸ்டெல்லாவுக்குப் புரியவே இல்லை.

"ஒரு தடவை வெள்ளைக் கழிச்சல் வந்து இங்க ஒண்ணுகூட மிஞ்சல அண்ணே. மக்சிகிட்டேர்ந்து ரெண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சீனத்து ஆன்ட்டிகிட்டேர்ந்து மூணு திரும்ப வாங்கினேன். அதுங்க பேரப்புள்ளைங்கதான் இதெல்லாம். கொடுக்காம வச்சிருந்தா யார்கிட்டப் போய் வாங்குறது?"

அவர் உள்ளே போய் ஒரு தட்டில் பன்னிரண்டு முட்டை கொண்டுவந்து என் கையில் வைத்தார். எடுத்துப் போக முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை அதன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு முட்டையை எடுத்து, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, அகலமான பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்தது. அதற்கடுத்தது.

"என்ன பாக்கிறீங்க?"

"ஓட்டை இருக்கான்னுங்க."

"என்ன ஓட்டை?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல வம்சத்து முட்டையை அடை வைக்கக் கேட்பவர்களிடம் இல்லையென்று சொல்ல முடியாத நேரம் வரும். அப்போது சிலர் ஊசியால் முட்டையில் ஒரு குத்துக் குத்திக் கொடுப்பார்கள். பார்த்தால் தெரியாது. பொரிக்காது. வாங்கினவன் தன் கோழியைத் திட்டிக்கொண்டு போவான். அதனால் யார் முட்டை கொடுத்தாலும் தூக்கிப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம்.

மணியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டார்: "நீங்களும் அப்படிக் கொடுத்திருக்கீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது வாய் வரவில்லை. "ஒருத்தனுக்குங்க. ஒம்பது வருஷமாச்சு" என்றேன். மல்லிகா டெங்குவில் கிடந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் அவன். எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றவன், அடை வைக்கப் பத்து முட்டை மட்டும் கேட்டான். மல்லிகாவின் தையல் ஊசியால் பத்தையும் குத்திக் கொடுத்தேன்.

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"என் கோழிங்களப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க."

ஸ்டெல்லா உள்ளே போனார். டீ கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஆபீசில் விசாரித்ததைச் சொன்னார். இந்தப் பக்கம் கால்நடை இலாகா சான்றிதழ், அந்தப் பக்கம் இறக்குமதி அனுமதி, சோதனை, தனியாக அடைத்து வைப்பது, நடுவில் பறவைக் காய்ச்சல் என்று ஒரு செய்தி வந்தால் எல்லாம் முதலிலிருந்து. "ஒரு கண்டெய்னர் சாமான்னா நான் நாளைக்கே ஏத்திடுவேன் அண்ணே. பன்னிரண்டு முட்டைன்னா ரொம்ப சூசா, கஷ்டம். ஒரு வருஷமும் ஆகும், ரெண்டு வருஷமும் ஆகும்." என் சேவலுக்கு அவ்வளவு நாள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். முட்டைகளைத் தட்டோடு திருப்பிக் கொடுத்தேன். "கொடுங்க, வீட்டுல ஆம்லெட்டாவது போடலாம்" என்று மணியம் கையை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரே நெரிசல். முன்னால் லாரி, பின்னால் லாரி, கார் நகரவே இல்லை. அப்போது சிவராசு கூப்பிட்டான்.

"அண்ணா, மனச கொஞ்சம் தேத்திக்கோங்க. ஒண்ணும் பொரிக்கலீங்ணா. ஏழு கூமுட்டை. நாலு உள்ளயே செத்திருக்குது. பெட்டை எந்திரிச்சிருச்சுங்."

நாற்பது வருடம். எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. அவன் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அது இன்னும் தாங்கவில்லை. "சிவராசு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உனக்குக் கொடுத்த பத்து முட்டை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"ஊசி போட்டதுங்ளா? தெரியுமுங்ணா."

"என்ன?"

"வீட்டுக்குப் போன ஒடனே வெளிச்சத்துல பாத்தேனுங். மெழுகுவத்திய உருக்கி, ஓட்டையில ஒவ்வொரு சொட்டு வச்சு அடைச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு அடை வச்சதுல மூணு பொரிச்சுதுங்ணா. ரெண்டு பெட்டை, ஒரு சேவல். என்ற கோழிங்ககூடச் சேத்து இப்ப இருவது உருப்படிக்கு மேல நிக்குது. மூக்கு அப்பிடியே உங்க மூக்குங்ணா. விரலு நேராத்தான் இருக்குது."

ஒன்பது வருடம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான். தினமும் காலையில் அவனைப் பார்க்கிறேன், பேசுகிறேன், கலப்படம் என்று மனதுக்குள் ஒதுக்கிவிட்டு வருகிறேன். ஒரு தடவைகூட அவன் பட்டியை எட்டிப் பார்த்ததில்லை. வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேனுங். நீங்க வாங்க. வந்து பாத்து, புடிச்ச பெட்டையா நாலு எடுத்துக்கோங்க. சேவலு இன்னும் தெம்பாத்தான் இருக்குதுங்."

நன்றி என்றா மன்னிப்பு என்றா, என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் வைக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன். மணியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகல, பொரிச்சிருச்சா?"

"மூணு பொரிச்சுதாம்."

"நல்லது லா! எப்போ, இன்னைக்குக் காலையிலயா?"

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி" என்றேன்.

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மணியம் ஏசியைக் கூட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.